மலைக்கு கூட்டம் வர்றதுக்கு முன்னாடி ஊர்க்காரங்களே பிளான் போடுறது எப்படி

மலையில ஒரு ஊர், ஊருக்கு மேல ஒரு வியூ பாயிண்ட், கீழ ஒரு அருவி, நடுவுல ஒரு சோலை, நாலஞ்சு ஹோம்ஸ்டே வந்தாச்சு, ஞாயித்துக்கிழமை ஆனா ரோட்டோரம் வண்டி நிக்க ஆரம்பிச்சிருச்சு, ரீல்ஸ்ல ஊர் பேர் சுத்துது. இந்த நிலைமையில இருக்கிற ஊர்ல பஞ்சாயத்து பாக்குறவங்க, ஜீப் ஓட்டுற பசங்க, ஹோம்ஸ்டே நடத்துறவங்க, காட்டு மேல அக்கறை இருக்கிற டீச்சருங்க, இவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். கவர்மென்ட் பெரிய மாஸ்டர் பிளான் போடும், போடட்டும், ஆனா உங்க ஊர் ஓடையில ஏப்ரல் மாசம் எவ்வளவு தண்ணி வரும்னு அந்த பிளானுக்கு தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். அதனால நீங்க ஒரு பிளான் வச்சிருந்தாதான் கலெக்டர் ஆபீஸ்லயோ பாரஸ்ட் ஆபீஸ்லயோ போய் உக்காந்து பேச முடியும். பெரும்பாலும் நீலகிரியை வச்சுதான் சொல்லப் போறேன், ஆனா ஏற்காடு, கொல்லிமலை, ஜவ்வாது, மேகமலை எங்க இருந்தாலும் வேலை ஒண்ணுதான்.

கூட்டம் போட்டு உக்காந்த உடனே எல்லாரும் கேக்குற முதல் கேள்வி "ஒரு நாளைக்கு எத்தனை பேரை விடலாம்?" அப்படிங்கிறது. அந்தக் கேள்வியை கடைசிக்கு தள்ளி வைங்க. நான் நம்பர் வேணாம்னு சொல்லல, நம்பர் கண்டிப்பா வேணும். சென்னை ஹைகோர்ட் சொல்லி 2024 மே 7ல இருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்துச்சு, அடுத்த வருஷம் சீசனுக்கு நீலகிரிக்கு வார நாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000 வண்டி, கொடைக்கானலுக்கு 4,000, 6,000னு கோர்ட் எண்ணிக்கையே வச்சுச்சு, மலை எவ்வளவு தாங்கும்னு ஐஐடியும் ஐஐஎம்மும் சேர்ந்து ஸ்டடி பண்ணவும் சொல்லுச்சு. நல்ல விஷயம்தான், வரவேற்கிறேன். ஆனா யோசிச்சு பாருங்க, அந்த 6,000 வண்டியும் ஊட்டி தாண்டி ஒன்பதாவது மைல் ஷூட்டிங் மட்டத்துல போய் நின்னா அங்க இருக்கிற புல்லுக்கு இ-பாஸ் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். அதே கூட்டம் நல்லா கல்லு போட்ட ஒரு பாதையில, ஒரு பார்க்குல, ஒரு ஏரிக்கரையில இருந்தா மலைக்கு பெருசா ஒண்ணும் ஆகாது. அதனால முதல்ல எங்க, அப்புறம் எப்போ, அப்புறம் எதுல ஏறி வர்றாங்க, இது மூணும் முடிவான பிறகுதான் எத்தனை.

முதல்ல மேப்

ஆபீஸ்ல உக்காந்து கூகுள்ல பாத்து மேப் போடாதீங்க. நடக்கணும். மழைக்காலத்துல ஒரு தடவை, மார்ச் ஏப்ரல்ல ஒரு தடவை, ரெண்டு தடவை நடந்தாதான் மேப்புக்கு உயிர் வரும், ஏன்னா ஜூலைல ஓடுற ஓடை ஏப்ரல்ல எங்க நின்னு போகுதுன்னு தெரியணும். கூட யாரை கூட்டிட்டு போறீங்கங்கிறதுதான் முக்கியம். தேன் எடுக்கப் போற குறும்பர், இருளர் வீட்டு பெரியவங்க, மாடு மேய்க்கிறவங்க, வாட்சர் அண்ணன், எஸ்டேட்ல முப்பது வருஷம் இலை பறிச்ச அக்கா, இவங்க இல்லாம போட்ட மேப் எல்லாம் வெறும் கலர் பேப்பர். விஏஓகிட்ட எஃப்எம்பி ஸ்கெட்ச் (நிலத்தோட அளவு, எல்லை காட்டுற வரைபடம்) வாங்கிட்டு போங்க, எது ரிசர்வ் பாரஸ்ட், எது ரெவின்யூ, எது எஸ்டேட், எது பட்டாங்கிறது தெளிவா இல்லாம பிளான் போட்டா முதல் மீட்டிங்லயே சண்டைதான்.

மேப்புல என்னென்ன குறிக்கணும்னா, தண்ணி (ஊத்து, ஓடை, சதுப்பு, ஊருக்கு பைப் வர்ற இடம்), சரிவு (எங்க மண்ணு இறங்கிருக்கு, எங்க மரம் சாஞ்சு நிக்குது, எங்க ரோட்டுல விரிசல்), மிருகம் நடக்குற வழி (யானை, காட்டுமாடு, கரடி எந்த பக்கம் இறங்கி எந்த பக்கம் ஏறுது, எந்த மாசத்துல), அப்புறம் மனுஷங்க ஏற்கனவே பயன்படுத்துறது. இந்த கடைசி விஷயத்தை டவுன்ல இருந்து வர்ற பிளானர்கள் மறந்துடுறாங்க. தோடர் மந்து (தோடர் மக்களோட குடியிருப்பு), கோயில் காடு, சுள்ளி பொறுக்குற இடம், மேய்ச்சல் இடம், சுடுகாட்டுக்கு போற வழி எல்லாம் குறிங்க. 2006 வன உரிமைச் சட்டத்துல இருக்கிற உரிமையை ஒரு டூரிசம் பிளான் தட்டிப் பறிக்கக் கூடாது, அப்படி ஒரு பிளான் வந்தா கிராம சபையில எழுந்து நின்னு வேணாம்னு சொல்லுங்க.

நீலகிரி, ஆனைமலை, பழனிமலை மேல் பகுதிக்கு ஒரு தனி விஷயம் இருக்கு, அது புரியாம எந்த முடிவும் எடுக்காதீங்க. மலை மடிப்புல சோலை, மேட்டுல புல்வெளி, ரெண்டும் சேர்ந்ததுதான் அங்க காடு. வர்றவங்க கண்ணுக்கு சோலைதான் காடு, புல்வெளி சும்மா கிடக்கிற காலி இடம், வண்டி ஏத்தலாம், டென்ட் போடலாம், கிரிக்கெட் ஆடலாம். ஆனா மழைத் தண்ணியை குடிச்சு வச்சிருந்து கோடையில கொஞ்சம் கொஞ்சமா ஓடைக்கு விடுறதுல புல்வெளிக்கும் சதுப்புக்கும் பெரிய பங்கு இருக்கு, வரையாடு மேயுறது அங்கதான், 12 வருஷத்துக்கு ஒரு தடவை குறிஞ்சி பூக்குறதும் அங்கதான். ஏற்கனவே சீகை மரம் (வாட்டில்), கற்பூர மரம் (யூகலிப்டஸ்), பைன் எல்லாம் நட்டு புல்வெளியில பெரும் பங்கை இழந்தாச்சு. மிச்சம் இருக்கிறதை மேப்புல சிவப்பு கலர்ல போடுங்க, "காலி இடம்"னு யாரையும் எழுத விடாதீங்க.

எதை விட்டுக் கொடுக்கிறது, எதை விடவே கூடாது

இந்த போஸ்ட்ல ஒரே ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகம் வச்சுக்கணும்னா இதை வச்சுக்கோங்க. காட்டுல மனுஷங்க நடக்கிறதால வர்ற சேதத்தை பல நாடுகள்ல பல வருஷமா ஆராய்ச்சி பண்ணிருக்காங்க, திரும்பத் திரும்ப தெரிய வந்தது என்னன்னா சேதம் ஆளுக்கு ஆள் சமமா ஏறுறதில்ல. யாருமே நடக்காத ஒரு புல்வெளியில முதல்ல போற கொஞ்ச பேரே பெரும்பாலான சேதத்தை பண்ணிடுறாங்க, புல்லு மடங்கி, வேர் தெரிஞ்சு, மண்ணு இறுகி, ஒரு தடம் விழுந்துடுது. அதுக்கு அப்புறம் அதே தடத்துல இன்னும் நூறு பேர் நடந்தாலும் கூடுதல் சேதம் கம்மிதான். இது தெரிஞ்சா பிளானே தலைகீழா மாறும். ஏன்னா கூட்டம் ஜாஸ்தியான உடனே எல்லாரும் சொல்ற யோசனை "புதுசா நாலு ஸ்பாட் திறந்து விடுங்க, கூட்டம் பிரிஞ்சிடும்" அப்படிங்கிறதுதான், கேக்க நியாயமா இருக்கும், ஆனா அந்த நாலு ஸ்பாட்டும் முதல் மாசத்துலயே பாழாகும், பழைய ஸ்பாட்டும் ஒண்ணும் தேறாது. கூட்டத்தை இடத்துல குவிங்க, நேரத்துல பரப்புங்க. ஏற்கனவே கெட்டுப் போன, தார் ரோடு இருக்கிற, கடை இருக்கிற இடத்தையே நல்லா பலப்படுத்தி அங்கயே ஆளை நிறுத்துங்க, புது இடத்தை தொடாதீங்க.

இதுக்கு நம்ம பக்கத்துலயே நல்ல உதாரணம் மூணாறுக்கு மேல இருக்கிற எரவிகுளம். 97 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்கா, ஆனா டூரிஸ்ட்டுக்கு திறந்து விட்டிருக்கிறது ராஜமலைங்கிற ஒரு மூலை மட்டும்தான். சொந்த வண்டியை கீழ நிறுத்திட்டு அவங்க பஸ்ல ஏறணும், போட்ட ரோட்டுலதான் நடக்கணும், வரையாடு குட்டி போடுற சீசன்ல கேட்டை மூடிடுவாங்க. லட்சக்கணக்கான ஜனம் வரையாட்டை பத்தடி தூரத்துல பாத்துட்டு சந்தோஷமா திரும்புறாங்க, மிச்ச மலை நிம்மதியா இருக்கு. பாக்க வந்தவங்களுக்கு குறை இல்ல, ஆட்டுக்கும் குறை இல்ல.

சின்ன அளவுல பாக்கணும்னா கோத்தகிரி பக்கத்துல லாங்வுட் சோலை. 116 ஹெக்டேர்தான், டவுனை ஒட்டியே இருக்கு, சுத்தி இருக்கிற ஊர்களுக்கு தண்ணி அங்க இருந்துதான். உள்ளூர் ஆளுங்க ஒரு குழுவா சேர்ந்து பாரஸ்ட்டோட கை கோர்த்து அதை காவல் காத்தாங்க, 2024 ஜனவரில உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சார் பட்டியல்லயும் சேர்ந்துச்சு. பெர்மிஷன் வாங்கி பாக்க வரலாம், ஸ்கூல் பசங்க வர்றாங்க, ஆனா அது பிக்னிக் ஸ்பாட் இல்லங்கிறதை ஊரே சேர்ந்து முடிவு பண்ணிருக்கு. அந்த மாதிரி ஊர் முடிவு எடுத்தா எந்த போர்டும் தேவையில்ல.

அதனால மேப்பை மூணா பிரிங்க. ஒண்ணு, கூட்டம் வரலாம்ங்கிற இடம்: பார்க்கிங், டாய்லெட், கடை, கைப்பிடி போட்ட வியூ பாயிண்ட். ரெண்டு, உள்ளூர் கைடோட சின்ன குழுவா மட்டும் போற பாதை, ஒண்ணோ ரெண்டோ போதும். மூணு, யாரும் போகாத இடம். மூணாவது இடத்துக்கு பாதை, பேர் பலகை, லொகேஷன் பின் எதுவும் வேணாம், மேப்புலயே பேர் போடாதீங்க, இன்ஸ்டால போடுற ஜீப்காரங்ககிட்டயும் பேசிடுங்க. யானை வழித்தடம் வந்தா அது எப்பவும் மூணாவதுதான், இதுல பேரமே கிடையாது. முதுமலைக்குப் பக்கத்துல சீகூர்ல என்ன ஆச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், வழித்தடத்துல ரிசார்ட் கட்டி, கேஸ் நடந்து, 2018ல சீல் வச்சு, 2020 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் வழித்தடம் வழித்தடம்தான்னு தீர்ப்பு சொல்லுச்சு. அதுக்குள்ள எத்தனை பேர் போட்ட காசு போச்சு, எத்தனை பேருக்கு வேலை போச்சு. முன்னாடியே மேப்புல சிவப்பு போட்டிருந்தா யாரும் அங்க காசை கொட்டிருக்க மாட்டாங்க.

பாதை போடுறது

இதை கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா மலையில நிஜமா அரிப்பு உண்டாக்குறது காலைவிட தண்ணிதான், கால் தடம் போட்டுக் கொடுக்கும், மழைத் தண்ணி அதை வாய்க்காலாக்கும். மேல இருந்து கீழ நேரா இறங்குற பாதைதான் ரொம்ப மோசம், ஆளுங்க குறுக்கு வழியா விழுத்துன தடம் எல்லாம் இப்படித்தான் இருக்கும், ரெண்டு பருவமழையில முழங்கால் ஆழத்துக்கு ஓடையாகிடும். பாதை எப்பவும் சரிவுக்கு குறுக்கா, வளைஞ்சு வளைஞ்சு போகணும். கணக்கு சுலபம்: பத்தடி நடந்தா ஓரடிக்கு மேல ஏறக் கூடாது. இன்னொரு கணக்கும் கூடவே வச்சுக்கோங்க, மலைச் சரிவு எவ்வளவோ அதுல பாதிக்கு மேல பாதையோட ஏத்தம் போகக் கூடாது, அப்போதான் தண்ணி பாதையை பிடிச்சுக்கிட்டு ஓடாம குறுக்க கடந்து போயிடும். சரிவு அளக்க போன்லயே ஆப் இருக்கு, இல்லன்னா வயல்ல சமமட்ட வரப்பு போட பயன்படுத்துற ஏ-பிரேம், மூணு குச்சி ஒரு நூலு ஒரு கல்லு, அதுவே போதும்.

பாதையோட பள்ளத்துப் பக்கம் லேசா சாய்வு இருக்கணும், ஒரு மீட்டர் அகலத்துக்கு 5 சென்டிமீட்டர் இறக்கம் போதும். 20ல இருந்து 50 அடிக்கு ஒரு தடவை பாதையை கொஞ்சம் இறக்கி திரும்ப ஏத்துங்க, அந்த இறக்கத்துல தண்ணி வெளிய போயிடும், இதை பண்ணிட்டா பாதை பல வருஷம் நிக்கும். செங்குத்தா ஏறித்தான் ஆகணும்னா கல் படி, சிமென்ட் பூசாத படி, உள்ளூர் கல்லு, ஊர்ல கல்லு கட்டு வேலை தெரிஞ்ச பெரியவங்களை கூப்பிட்டு போடச் சொல்லுங்க. பேவர் பிளாக் போடலாம்னு கான்ட்ராக்டர் வருவாரு, பார்க்கிங் பக்கத்துல வேணும்னா போடுங்க, சோலைக்குள்ள வேணாம், தண்ணி அது மேல வேகமா ஓடி ரெண்டு ஓரத்தையும் அறுத்துடும்.

சேறு இருக்கிற இடத்தை விட்டு வைக்காதீங்க. பாதையில ஒரு அடி சேறு இருந்தா ஆளுங்க ஷூ நனையாம சுத்தி நடப்பாங்க, அடுத்த வாரம் அதுவும் சேறாகும், இன்னும் சுத்தி நடப்பாங்க, ஒரு சீசன் முடியுறதுக்குள்ள பாதை ரோடு அகலத்துக்கு வந்துடும். சதுப்புல கண்டிப்பா கால் வைக்க விடாதீங்க, வேற வழியே இல்லன்னா தாண்டுகல்லு போடுங்க, இல்ல மரப்பலகை. கொண்டை ஊசி வளைவுல குறுக்கு வழி போடுறதை தடுக்க ரெண்டு வளைவுக்கும் நடுவுல வெட்டுன சீகைக் கிளையை அடர்த்தியா போட்டுடுங்க, களையும் வெட்டுன மாதிரி ஆச்சு, தடுப்பும் ஆச்சு. ஆனா காய் விதை இல்லாத கிளையா பாத்து போடுங்க, சீகை விதை மண்ணுல பல வருஷம் கிடந்து முளைக்கும்.

கைப்பிடி, போர்டு, செல்ஃபி பாயிண்ட் பத்தி ஒரு வார்த்தை. வியூ பாயிண்ட்ல கைப்பிடி எங்க முடியுதோ அங்கதான் ஆளுங்க தாண்டுவாங்க, அதனால கைப்பிடியை பாறையிலயோ முள்செடியிலயோ முடிங்க. "குப்பை போடாதீர்கள்"னு பத்து போர்டு வைக்கிறதுக்கு பதிலா ஏன்னு சொல்ற ஒரே போர்டு வைங்க: "இந்த சோலைத் தண்ணியைத்தான் கீழ ஊர் குடிக்குது". ஜனங்க கெட்டவங்க இல்ல, காரணம் தெரிஞ்சா பெரும்பாலானவங்க கேக்குறாங்க.

எப்போ திறக்கிறது, எப்போ மூடுறது

2018 மார்ச் 11ஐ தேனிப் பக்கம் யாரும் மறக்க மாட்டாங்க. குரங்கணி மலையில காட்டுத்தீயில ட்ரெக்கிங் போனவங்க 20 பேருக்கு மேல இறந்தாங்க, சின்னச் சின்ன வயசு. காஞ்ச புல்லு, காத்து, செங்குத்தான மலை, ஓட வழி இல்ல. அதுக்கு அப்புறம்தான் தமிழ்நாட்டுல ட்ரெக்கிங்குக்கு தனி விதியே வந்துச்சு, பிப்ரவரி 15ல இருந்து ஏப்ரல் 15 வரைக்கும் தீ சீசன், மலையேற்றம் கிடையாது. உங்க பிளான்ல இந்த ரெண்டு மாசத்தை கண்ண மூடிட்டு அடைச்சிடுங்க, யார் போன் பண்ணாலும், எந்த வி.ஐ.பி. கெஸ்ட்னாலும். தீத்தடுப்புக் கோடு வெட்டுற வேலை ஜனவரிலயே முடிஞ்சிருக்கணும், பாதை கூட அந்தக் கோட்டோட சேர்ந்து போனா ரெண்டுக்கும் ஒரே பராமரிப்பு.

பொதிகை மலைக்கு கேரளா பக்கம் இருந்து ஏறுறதை பாருங்க, வருஷத்துல ஜனவரி நடுவுல இருந்து ஒன்றரை மாசம்தான் சீசன், ஒரு நாளைக்கு நூறு பேர் அளவுலதான் பாஸ், அப்படியும் பாஸ் கிடைக்காம ஜனம் காத்துக் கிடக்கு. மூடி வச்சா ஆள் வர மாட்டாங்கன்னு பயப்படத் தேவையில்ல.

மாசக் கணக்கு மாதிரியே மணிக்கணக்கும் இருக்கு. காட்டுமாடும் கரடியும் தண்ணிக்கு வர்றது பெரும்பாலும் விடியக் காலையும் பொழுது சாயுற நேரமும்தான், அந்த நேரத்தை அதுகளுக்கு விட்டுடுங்க, காலைல ஏழு மணிக்கு மேல, சாயங்காலம் நாலு மணிக்குள்ள ஆளுங்க திரும்பிடணும்னு வைங்க. முதுமலை தாண்டி பந்திப்பூர் ரோட்டை நைட்டு 9ல இருந்து காலைல 6 வரைக்கும் மூடுறாங்க, 2009ல ஆரம்பிச்சப்போ பெரிய எதிர்ப்பு, இன்னிக்கு டிரைவர்கள் அதுக்கு ஏத்த மாதிரி கிளம்பிப் பழகிட்டாங்க. கேம்ப்ஃபயர், டிஜே, ஸ்பாட் லைட் போட்டு நைட்டு ஜீப் சஃபாரி, இது மூணையும் ஹோம்ஸ்டே சங்கமே தடை பண்ணணும், ஒருத்தர் பண்ணா பக்கத்து வீட்டுக்காரரும் பண்ணியே ஆகணும்ங்கிற நிலை வந்துடும்.

இப்போ எண்ணிக்கைக்கு வரலாம்

மலையில எண்ணிக்கையை முடிவு பண்றது ரெண்டு விஷயம், கோடை தண்ணியும் பார்க்கிங்கும். ஏப்ரல் கடைசியில ஊத்துக்கு கீழ ஒரு பக்கெட் வச்சு எத்தனை செகண்ட்ல நிறையுதுன்னு பாருங்க, ஒரு நாளைக்கு எவ்வளவு வருதுன்னு கணக்கு வந்துடும். அதுல முதல்ல ஊருக்கு, ஆடு மாட்டுக்கு, தோட்டத்துக்கு, கீழ ஓடையில ஓட வேண்டியதுக்கு எடுத்து வைங்க, மிச்சம் இருக்கிறதுதான் விருந்தாளிக்கு. லாட்ஜ்ல ஒரு படுக்கைக்கு ஒரு நாளைக்கு 180 லிட்டர்னு இந்திய தர நிர்ணயக் கணக்கு இருக்கு. ஊர்ல எல்லா ஹோம்ஸ்டேயும் சேர்த்து 100 படுக்கைன்னா 18,000 லிட்டர், அதாவது 6,000 லிட்டர் லாரி மூணு, தினமும். இந்தக் கணக்கை போர்டுல எழுதிக் காட்டுனா "இன்னும் பத்து காட்டேஜ் கட்டலாமா"ங்கிற கேள்விக்கு யாரும் வாய் திறந்து பதில் சொல்லத் தேவையிருக்காது. லாரித் தண்ணி வாங்கிக்கலாம்னு சிலர் சொல்லுவாங்க, அந்தத் தண்ணியும் இன்னொரு ஊர் ஊத்துல இருந்துதான் வருது.

பகல்ல வந்து போறவங்களுக்கு பார்க்கிங்தான் கணக்கு. 30 கார் நிக்கிற இடம், காருக்கு நாலு பேர், ஒரு வண்டி ரெண்டு மணி நேரம் நிக்குது, எட்டு மணி நேரம் திறந்திருக்குன்னா ஒரு நாளைக்கு 480 பேர். அவ்வளவு பேர் பாதைக்கு ஜாஸ்தின்னு தோணுச்சுன்னா 20 வண்டியா குறைங்க, கம்மின்னு தோணுச்சுன்னா பார்க்கிங்கை பெருசாக்காதீங்க, கீழ டவுன்ல வண்டியை நிறுத்திட்டு பஸ்லயோ உள்ளூர் ஜீப்லயோ மேல கொண்டு வாங்க. ரோட்டோரம் நிறுத்துறதை விட்டுட்டா இந்தக் கணக்கு எல்லாம் வீண், அதனால ரோட்டோரத்துல பெரிய கல்லு நட்டு வச்சிடுங்க. உள்ளூர் வண்டி, ஆம்புலன்ஸ், காய்கறி லாரிக்கு எந்தக் கட்டுப்பாடும் வரக் கூடாது, நீலகிரி இ-பாஸ்லயும் உள்ளூர் பதிவு நம்பரான டிஎன் 43 வண்டிக்கு விலக்கு இருக்கு. இன்னொண்ணு, ஒரு மலையில கதவை சாத்துனா கூட்டம் பக்கத்து மலைக்குப் போகும், 2025 நவம்பர்ல வால்பாறைக்கும் இ-பாஸ் கொண்டு வந்தாங்க, அதனால பக்கத்து ஊர் பஞ்சாயத்தையும் கூட்டத்துக்கு கூப்பிடுங்க, ரெண்டு ஊரும் ஒரே விதி வச்சாதான் நிக்கும்.

கட்டடம் பத்தி சுருக்கமா. மலைப் பகுதி கட்டட விதியில 7 மீட்டர் உயர வரம்பு இருக்கு, ஹாகா (மலைப் பகுதி பாதுகாப்புக் குழு) பட்டியல்ல இருக்கிற கிராமம்னா அந்தக் கமிட்டி அனுமதி வேணும், இதுல குறுக்கு வழி தேடாதீங்க. 2009 நவம்பர்ல நீலகிரியில மண்சரிவுல 40 பேருக்கு மேல போனாங்க, 2024 ஜூலை 30 வயநாடு முண்டக்கை, சூரல்மலை எல்லாரும் பாத்தோம். ஜேசிபி வச்சு சரிவோட அடிவாரத்தை வெட்டி சமமாக்குறது, ஓடையை மூடி பார்க்கிங் போடுறது, இந்த ரெண்டையும் ஊர் கண்ணு முன்னாடி நடக்க விடாதீங்க.

குப்பைக்கு டாஸ்மாக் பாட்டில் கதையே போதும். காட்டுல உடைஞ்ச பாட்டில் யானை கால்ல குத்துதுன்னு கோர்ட்டு வரைக்கும் போய், 2022 மே மாசம் நீலகிரியில பாட்டிலுக்கு பத்து ரூபா கூட வாங்கி, காலி பாட்டிலை கொடுத்தா திருப்பித் தர ஆரம்பிச்சாங்க, பாட்டில்கள் திரும்பி வர ஆரம்பிச்சுது. நீங்களும் அதையே பண்ணுங்க, கேட்ல பையில எத்தனை பாக்கெட், எத்தனை பாட்டில்னு எண்ணி டெபாசிட் வாங்குங்க, திரும்பக் காட்டுனா காசு. தண்ணி பிடிக்க குழாய் வைக்காம பாட்டிலை மட்டும் தடை பண்ணாதீங்க. குப்பைத் தொட்டியை பாதையில வைக்காதீங்க, குரங்கும் கரடியும் கத்துக்கும், கரடி ஒரு தடவை ருசி பாத்துட்டா ஊருக்குள்ள வரும், அப்புறம் அடிபடுறது அந்த கரடியும் காலைல வேலைக்குப் போற எஸ்டேட் ஆளுங்களும்தான்.

காசும் கணக்கும்

கட்டணம் வைங்க, ஆனா கட்டணத்தை மட்டும் வச்சு கூட்டத்தை குறைக்கப் பாக்காதீங்க, அப்படி பண்ணா காசு இருக்கிறவன் மட்டும் வருவான், மலை எல்லாருக்கும் சொந்தம். எண்ணிக்கையை பாஸ் பாத்துக்கட்டும், கட்டணம் பராமரிப்புக்கு. கவர்மென்ட் ஸ்கூல் பசங்களுக்கு இலவசம். வந்த காசு எவ்வளவு, யாருக்கு சம்பளம், பாதைக்கு எவ்வளவு செலவுன்னு மாசாமாசம் டீக்கடையில ஒட்டுங்க. கைடு வேலை உள்ளூர் பழங்குடி பசங்களுக்கும் பொண்ணுங்களுக்கும்தான் முதல்ல, 2024 அக்டோபர்ல வனத்துறை 40 பாதையோட ஆரம்பிச்ச ட்ரெக் தமிழ்நாடு திட்டத்துலயும் உள்ளூர் பசங்களைத்தான் பயிற்சி கொடுத்து கைடா வச்சிருக்காங்க. காட்டால வீட்டுல அடுப்பு எரியுதுன்னா அந்தக் காட்டை அவங்க பாத்துப்பாங்க, வெளியூர் கம்பெனிக்கு கான்ட்ராக்ட் விட்டா அந்த ஈரம் இருக்காது.

கடைசியா, பிளான் போட்டதோட முடியாது, அளந்துக்கிட்டே இருக்கணும். 1985ல அமெரிக்க வனத்துறை ஆளுங்க "லிமிட்ஸ் ஆஃப் அக்செப்டபிள் சேஞ்ச்"னு ஒரு முறை கொண்டு வந்தாங்க, மான்டானா மாநிலத்துல பாப் மார்ஷல் காட்டுப் பகுதியில பண்ணிப் பாத்தாங்க. விஷயம் இவ்வளவுதான்: ஆள் வந்தா மாற்றம் வரத்தான் செய்யும், எவ்வளவு மாற்றம் வரைக்கும் நாம ஒத்துப்போம்னு முன்னாடியே எல்லாரும் உக்காந்து பேசி எழுதி வைங்க, அந்தக் கோட்டை தாண்டுனா என்ன பண்ணணும்னும் அப்பவே எழுதி வைங்க. சேதம் ஆன பிறகு பேச ஆரம்பிச்சா ஹோம்ஸ்டேக்காரர் ஒரு பக்கம், பாரஸ்ட் ஒரு பக்கம்னு நின்னுடுவாங்க, முன்னாடியே கையெழுத்து போட்டிருந்தா சண்டை இல்ல.

எதை அளக்கலாம்னா ரொம்ப சிம்பிளா வைங்க. பாதையில பத்து இடத்துல கல்லுல பெயிண்ட் அடிச்சு அங்க அகலத்தை டேப் வச்சு அளங்க, அதே கல்லு மேல நின்னு அதே பக்கம் பாத்து போட்டோ எடுங்க. ஏப்ரல் பக்கெட் கணக்கு. வாரத்துக்கு எத்தனை மூட்டை குப்பை. ரோட்டுல அடிபட்ட மிருகம், பாம்பு, தவளை உட்பட. வாட்சர் அண்ணன் டைரியில காட்டுமாடு எத்தனை நாள் தெரிஞ்சுது. கோடு எப்படி எழுதணும்னா, "பாதை அகலம் ஒன்றரை மீட்டர் தாண்டுனா அந்த துண்டை ஒரு பருவமழை முழுக்க மூடுவோம்", "ஊத்துத் தண்ணி இந்த அளவுக்கு கீழ போனா எல்லா ஹோம்ஸ்டேயும் பாதி ரூமை பூட்டுவோம்", இப்படி நம்பரும் செயலும் சேர்ந்தே இருக்கணும். ப்ளஸ் டூ பசங்களை இந்த வேலைக்கு விடுங்க, நல்லா பண்ணுவாங்க, நோட்டுல எழுதி ஸ்கூல்லயே வைக்கச் சொல்லுங்க.

பிப்ரவரி 15 அன்னிக்கு பாதையை மூடுன உடனே அந்த வாரத்துலயே அகலம் அளந்து போட்டோ எடுத்துடுங்க, ஆள் நடமாட்டம் இல்லாததால வேலை சீக்கிரம் முடியும். அந்தக் கணக்கை மார்ச் 22 கிராம சபையில வைங்க, அன்னிக்கு உலக தண்ணீர் தினம், ஊத்தை பத்தியும் பேச சரியான நாள். பக்கெட் கணக்கு ஏப்ரல் கடைசியிலதான் வரும், அதை மே 1 கிராம சபையில சேத்துக்கோங்க, சீசன் உச்சத்துக்குப் போறதுக்குள்ள எத்தனை வண்டி, எத்தனை ரூம்ங்கிற நம்பரை அங்கயே தீர்மானமா எழுதி, ஒரு காப்பி ரேஞ்சர் ஆபீஸுக்கு, ஒரு காப்பி பிடிஓ ஆபீஸுக்கு, ஒண்ணு கலெக்டருக்கு. கொடுத்ததுக்கு சீல் போட்ட ரசீது வாங்கி வச்சுக்கோங்க.